வடிவு வைத்த பெயர்கள்

ஜூலை 18

பெயர் என்றால் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்துகூடப் பேசக்கூடாது. சென்னைக் கம்பெனியில் இதைத்தான் நாற்பது பக்க விதிமுறையாக எழுதிக் கொடுத்தேன். அந்தக் கம்பெனியை விட்டு நானாகத்தான் வந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

இப்போது இருப்பது பாளையங்கோட்டையில், ஒரு மிக்ஸி கிரைண்டர் கடையின் மாடியில். கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு செய்யும் புரோகிராம் ஒன்றுதான் இங்கே பிழைப்பு. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மண்டபக்காரர்கள் பலரும் வைத்திருக்கிறார்கள். முழுவதையும் எழுதியது சண்முகவடிவு என்ற பெண். பிரசவத்துக்கு அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். பெண் குழந்தையாம்.

பெங்களூர் கம்பெனி ஒன்று இதை வாங்கித் தங்கள் ஊர் மண்டபங்களுக்கும் போட ஆசைப்படுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் எல்லாவற்றையும் முறையான ஆங்கிலப் பெயர்களாக மாற்ற வேண்டும். அதற்குத்தான் நான்.

முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"யே கிளாட்சன், பேர மட்டும் மாத்துடே. வேற ஒண்ணையும் தொட்டுறாத. இத்தன வருசத்துல ஒரு மண்டபத்துல ரெண்டு குடும்பம் வந்து நின்னதே கிடையாது. அதுதான் நம்ம மானம். ஆடி மாசம், யாரும் கல்யாணம் வைக்க மாட்டான். இப்பவே மாத்திரு. ஆவணி முத முகூர்த்தத்துல எவனாவது பொண்ணக் கூட்டிட்டு வாசல்ல நின்னான்னா, அன்னைக்கே கடைய மூடிர வேண்டியதுதான்."

பெயர் மாற்றுவதில் என்ன வந்துவிடப் போகிறது.

ஜூலை 19

திறந்தேன். அத்தை_கோவிச்சுக்கிட்டா.

மண்டபத்துக் கம்ப்யூட்டருக்கும் நமக்கும் இணைப்பு அறுந்துபோனால் இந்தப் பெயரில் ஒரு எச்சரிக்கைக் குறி ஏறுகிறது. உடனே அத்தைய_கூப்பிடு என்ற கட்டளை ஓடுகிறது. மூன்று தரம் கூப்பிடும். மூன்றாவது தரமும் பதில் இல்லையென்றால் போனா_போறா. அத்தோடு விட்டுவிடும்.

ஒரு கம்பெனியின் புரோகிராமில் இப்படியா எழுதுவார்கள். மூன்றையும் மாற்றினேன்.

ஜூலை 22

சித்தப்பா என்று ஒரு கட்டளை. புரோகிராமின் எந்த மூலைக்குப் போனாலும் நிற்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் ஒரு வேலையும் செய்யவில்லை. நடப்பதை எல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. பிறகு ஏதாவது தகராறு என்றால் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்கிறது.

எங்கள் செல்லப்பா சித்தப்பா நினைவுக்கு வந்தார். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார்.

மாற்றிவிட்டேன். மதியம் மெஸ்ஸில் புளிக்குழம்பு. துணி காயவில்லை, காற்று மட்டும் ஆளைத் தூக்குகிறது.

ஜூலை 24

நாளும் மணியும் சொல்லும் கட்டளையின் பெயர் எல்லாம்_நேரம். மாற்றிவிட்டேன். சிரிக்கவில்லை.

ஜூலை 27

அம்மாவிடம் போனில் பேசும்போது போட்டோக்காரரைப் பற்றிச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜாய் அக்காவே என்னவென்று கேட்டு வந்துவிட்டாராம்.

விஷயம் இதுதான். தினமும் ஒரு முறை எல்லாப் பதிவுகளையும் அப்படியே நகல் எடுத்து வைக்க வேண்டும். எடுக்கிற அந்த நேரத்தில் எந்தப் பதிவும் அசையக்கூடாது. அசைந்தால் நகலில் பாதி பழையது, பாதி புதியது என்று ஆகிவிடும். அந்தக் கட்டளைக்கு வடிவு வைத்த பெயர் போட்டோக்காரர்_நிக்கச்சொன்னார். கல்யாண மேடையில் ஐயரையும் நிறுத்தி, தாலியை எடுத்த மாப்பிள்ளையையும் நிறுத்தி, "சார் இங்க பாருங்க" என்று சொல்லும் ஒரே ஆள் அவர்தானே. ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. படித்த உடனே அது என்ன செய்யும், எப்போது செய்யும், அந்த நேரத்தில் நாம் என்ன செய்யக்கூடாது என்று மூன்றும் விளங்கிவிட்டது.

என் விதிமுறையில் இதற்கு நாலு சொல் நீளத்தில் ஒரு ஆங்கிலப் பெயர் வருகிறது. அதைத்தான் வைத்தேன். அது நகல் எடுக்கும் என்று மட்டும் சொல்கிறது.

அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் பேச்சுக்குத்தான். பிடித்துப்போய் ஒன்றுமில்லை.

ஜூலை 30

கெட்டிமேளம்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பதிவு உறுதியாகிற நொடியில் ஓடும் கட்டளை இது. இது ஓடி முடிந்தபின் எதையும் திரும்ப எடுக்க முடியாது. அதுமட்டுமில்லை, இது ஓடும்போது வேறு எந்தச் செய்தியையும், எச்சரிக்கையையும் திரையில் வரவிடாமல் அமுக்கிவிடுகிறது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தொலைபேசி வேலையைப் பார்க்கும் ரஹ்மத் நிஷாவைக் கேட்டேன். மண்டபக்காரர்கள் எல்லோரும் பிரச்சினை என்றால் அவளைத்தான் அழைப்பார்கள்.

"அது தெரியாதாண்ணே? முன்னாடி பதிவு ஏறும்போது குறுக்க ஏதாவது செய்தி வந்துச்சுன்னா மண்டபக்காரர் பயந்துபோய்க் கேன்சல அமுக்கிருவாரு. பாதியில நின்னுரும். அதான் வடிவக்கா, தாலி கட்டுறப்ப எவனும் தும்முனா கேக்கக் கூடாதுன்னு சொல்லி மேளத்த அடிச்சுட்டா."

நான் என் இடத்துக்கு வந்து அந்தக் கட்டளையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஒரு பெயருக்குள் இவ்வளவை வைக்க எனக்குத் தோன்றியதில்லை. இந்தப் பெண் கெட்டிக்காரி. சாதாரணக் கெட்டிக்காரி இல்லை.

இன்று அதை மாற்றவில்லை. கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 1

நல்ல வேலை நடந்த நாள். ஒரு தேதியில் மண்டபத்தில் ஆள் இருக்கிறதா என்று சொல்ல இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று மண்டபத்துல_ஆளு. மற்றது மாப்பிள்ளை_வந்தாச்சு. முதலாவதற்கு 'நிரம்பியது' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை வைத்தேன். இரண்டாவதற்கு வேறு நல்ல பெயர் தோன்றவில்லை, அதனால் 'நிரம்பியது 2' என்று வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால், ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு? விதிமுறை பக்கம் பதினொன்றில் நானே எழுதியிருக்கிறேன், ஒரே செய்திக்கு இரண்டு பெயர் கூடாது என்று. இரண்டாவதை நீக்கி முதலாவதோடு சேர்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் காலையில் சர்ச், மத்தியானம் மண்டபம், ராத்திரி பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவோம். ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான்.

தானாக ஓடும் சோதனைகளில் ஒன்று மட்டும் தோற்றது. பழைய சோதனை. அதையும் புதிய முறைக்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டேன். இப்போது எல்லாம் பச்சை, எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. இன்று மாலையே மண்டபங்களுக்கும் ஏற்றியாயிற்று.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. நிஷா மதியம் வடிவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பேசவில்லை, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே கேட்டார்:

"கிளாட்சன் அண்ணன் இருக்காரா? எண்ணே, எங்க அத்தைய என்ன பண்ணீய?"

"மாத்தியாச்சு."

"சித்தப்பாவயுமா? ஐயோ பாவம், அவரு யாருக்கு என்ன பண்ணாரு?" சிரித்தார். பின்னால் குழந்தை அழுதது.

"மத்தவங்களுக்கும் புரியணும்ல," என்றேன்.

"புரியணும்னுதாண்ணே அப்படி வச்சேன்," என்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஆகஸ்ட் 8

நெல்லையப்பர் கோயில் பக்கம் போய் அல்வா வாங்கி அம்மாவுக்கு அனுப்பினேன். புதிய பெயர்களில் எது எது என்ன செய்யும் என்று எனக்கே மறந்துபோகிறது. பழைய பெயரை நினைத்துப் பார்த்து அதிலிருந்து புதியதைக் கண்டுபிடிக்கிறேன்.

ஆகஸ்ட் 12

நிஷாவுக்குத் தலைவலி. இணைப்பு அறுந்தால் திரையில் இப்போது 'இணைப்புப் பிழை' என்று வருகிறது. மண்டபக்காரர்கள் பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். கடையநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டாராம், "என்னம்மா பிழைங்குது? முன்னாடில்லாம் அத்தை கோவிச்சுக்கிட்டான்னு வரும், நாங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்தா சரியாயிருக்கும்."

வடிவின் பெயர்கள் உள்ளே மட்டும் இருந்தவை இல்லை போலிருக்கிறது. மூன்று மாவட்டத்து மண்டபக்காரர்களும் அந்தப் பெயர்களில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு மட்டும் சந்தோஷம். ஆவணிக்கு எந்த வருடமும் இல்லாத அளவு பதிவு. முதல் முகூர்த்தத்தை ஒட்டியே தென்காசி மண்டபத்துக்கு இன்னொரு பதிவு விழுந்திருக்கிறது. என் துப்புரவினால் என்று நான் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19

எல்லாம் முடிந்தது. கெட்டிமேளமும் போயிற்று. அதை மாற்றிய பிறகு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.

ஆகஸ்ட் 22

தென்காசி போகிறேன். வந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23

நேற்று மாலை நான்கு மணிக்கு நிஷாவுக்குத் தென்காசி மண்டபத்து மேனேஜர் சங்கரலிங்கம் போன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"யம்மா, வாசல்ல ஒரு வேன்ல பொண்ணு வந்து இறங்குது. உள்ள மேடையில ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்திருக்காங்க. எந்தப் பொண்ணுக்கு நான் மண்டபத்தக் குடுக்க?"

மேடையில் இருந்தது கிறிஸ்தவக் குடும்பம். காலையில் சர்ச்சில் கல்யாணம், மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. வேனில் வந்தது கோமதிநாயகம் என்பவரின் மகள். அவளுக்கு இன்று காலையில் முகூர்த்தம். முகூர்த்தம் இன்றுதான், ஆனால் பெண் வீட்டார் முந்தின நாள் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. ராத்திரி நூற்றுக்கணக்கில் பேர் அங்கேதான் சாப்பிட்டு, அங்கேதான் படுப்பார்கள். முந்தின நாள் சாயங்காலத்தைப் பிடித்து வைத்திருந்ததுதான் மாப்பிள்ளை_வந்தாச்சு. 'நிரம்பியது 2' என்று பெயர் வைத்து, இரண்டாவது எதற்கு என்று நான் நீக்கியது.

அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை எடுத்தார். அது திட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. ஆலங்குளம் தாண்டியதும் "வடிவுக்குப் போடு" என்றார்.

நான் அழாத குறையாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"எண்ணே, மாப்பிள்ளை வீட்டார் எத்தன மணிக்கு வாறாங்க?"

"ஆறு மணிக்காம்."

"அப்ப அவங்களுக்கு இன்னும் தெரியாது. நல்லதாப் போச்சு. அந்த மண்டபத்துக்குப் பின்னால தனி வாசல் உண்டு, மாடியில அஞ்சு ரூமு. பொண்ணு வீட்ட அதுல ஏத்துங்க. மாப்பிள்ளை அழைப்பு எங்கேருந்து கிளம்பும்? கோயில்லருந்துதான? மாப்பிள்ளைய நேரா கோயிலுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அங்கயே காப்பி, வடை, கேசரி. ஊர்வலம் ரெண்டு தெருவு சுத்தறதுக்குப் பதிலா நாலு ரத வீதியும் சுத்தட்டும். மேளக்காரர்ட்ட சொல்லி நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்க. எவனும் வாச்சப் பாக்க மாட்டான். ஒன்பது மணிக்கு முன்னால மண்டபத்துக்கு வரக் கூடாது, அம்புட்டுதான்."

"வரவேற்புக்காரங்க?"

"அது உங்க ஆளுங்கல்லா. நீங்க பேசுங்க."

ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, பார்க்காத மண்டபத்தைப் பார்த்தது மாதிரி சொல்கிறார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "பாத்துருக்காடே," என்றார். "எழுதறதுக்கு முன்னால ஒரு சீசன் முழுக்க ஒவ்வொரு மண்டபமா, யாரு வீட்டுக் கல்யாணம்னே தெரியாம போயி உக்காந்திருந்தா. சொந்தக்காரின்னு நினைச்சு ஒரு எடத்துல பந்தி பரிமாறக்கூட விட்டுட்டாங்க."

தென்காசியில் இறங்கும்போது கோமதிநாயகம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க. எம்பொண்ணு கல்யாணம் இங்க நடக்குமா நடக்காதா? அத மட்டும் சொல்லுங்க. நடக்காதுன்னா நான் இப்பவே போயி அவங்க கால்ல விழுந்துருதேன்."

நடக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. வடிவு சொன்னபடி பெண் வீட்டாரைப் பின்வாசல் வழியாக மாடியில் ஏற்றினோம், மாப்பிள்ளை வீட்டாரை நேராகக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆள் அனுப்பினோம்.

வரவேற்பு வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆசீர்வாதம். நடந்ததைச் சொன்னேன். என் ஊரைக் கேட்டார், சபையைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார். பிறகு, "பத்து மணி வரைக்கும் எங்களுக்குப் பதிவு இருக்குல்லா?" என்றார். இருக்கிறது என்றேன். மேடையில் இருந்த மருமகளைப் பார்த்தார், வாசலில் நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார். "எட்டு மணிக்கு எடுத்துருவோம். ஜெபம் நான் சின்னதா பண்ணிருதேன். பிரியாணிய சீக்கிரம் போடச் சொல்லு," என்றார்.

எட்டு மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்தது. நானும் அண்ணாச்சியும் சங்கரலிங்கமும் பலூன் வளைவை அவிழ்த்தோம், நாற்காலி அடுக்கினோம், தரையில் சிந்திய கேக் கிரீமைத் துடைத்தோம். வரவேற்புக்கு வந்த பையன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாழைமரம் கட்டினார்கள். பாதிப் பேர் வீட்டுக்கே போகவில்லை, மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் நின்றார்கள்.

ஒன்பதைத் தாண்டி மேளச் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்களுக்கு முன்னால் போய் நின்றார். கையிலிருந்த மாலையை ஒரு தரம் நீவிச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். பின்னால் யாரோ ஒரு பெண் உள்ளே பார்த்துக் கத்தினாள், "மாப்பிள்ளை வந்தாச்சு!" அவ்வளவுதான், சமையல்கட்டில், மாடியில், மேடையில், எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். மண்டபமே அந்த வீட்டாருடையதாக ஆனது அந்த நொடியில்தான். வாடகை ரசீதில் எந்தத் தேதி இருந்தால் என்ன. இந்த வாசலில் நின்று இந்தச் சத்தத்தைக் கேட்ட ஒருத்திதான் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊர்வலம் நீளமாக, பிரமாதமாக இருந்தது என்று பெருமைதான் பட்டார்கள்.

இன்று காலை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தோம். வந்ததும் எல்லா மண்டபத்துப் பதிவுகளையும் நிஷாவும் நானும் சரிபார்த்தோம். இதுபோல வேறு எதுவும் விழவில்லை. பிழைத்தோம்.

ஆகஸ்ட் 26

அம்பாசமுத்திரம். அண்ணாச்சி, நிஷா, நான். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிப் போனேன், பெரிதாகப் போய்விட்டது. வடிவின் அம்மா காப்பி கொடுத்தார். வடிவு நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன ஆள். ஏதோ பெரிய ஆகிருதியாக இருப்பார் என்று எனக்கு ஏன் தோன்றியதோ.

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"பேர மாத்துனது தப்பில்லண்ணே. பெங்களூர்க்காரங்களுக்கு வேணும்லா. ஆனா டெஸ்ட் ஒண்ணு தோத்துச்சு பாருங்க, அப்ப ஒரு போன் போட்டிருக்கலாம்."

அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கவில்லை. பார்த்திருப்பார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "முந்தின நாள் சாயங்காலம்னே வச்சிருக்கலாமே? ஏன் மாப்பிள்ளை?"

"சாயங்காலம்னு வச்சா எவனாவது வந்து, சாயங்காலத்துல ரெண்டு மணி நேரத்தக் கொறைச்சா என்னன்னு கை வைப்பான். மாப்பிள்ளை வந்தாச்சுன்னு எழுதியிருந்தா, வந்த மாப்பிள்ளைய வெளிய போகச் சொல்லுவானா? ஒரு பயம் வரும்லா."

"எனக்கு வரலையே."

"நீங்க பேர மாத்திட்டுல்லா கை வச்சீய," என்றார் வடிவு, குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டே.

ஆகஸ்ட் 31

பெங்களூர்க்காரர்களோடு வீடியோவில் பேச்சு. அவர்கள் பக்கம் தலைமை ஹர்ஷிதா என்ற பெண். எல்லாப் பெயர்களும் சுத்தமாக இருக்கின்றன என்று பாராட்டினார். எனக்கு அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. ஒன்று மட்டும் முறைப்படி இல்லையே, இது என்ன மொழி, இதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

மாப்பிள்ளை_வந்தாச்சு என்பதை மட்டும் நான் திரும்பப் பழையபடியே வைத்திருந்தேன். அண்ணாச்சியைக் கேட்காமல் வைத்தேன். கோபித்துக்கொண்டு அவர்கள் வாங்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. ஆனாலும் மாற்ற முடியாது என்றேன். அதற்கு என்ன பொருள், தென்காசி வாசலில் என்ன நடந்தது, அதற்கு யார் காரணம் என்று எல்லாம் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்களிலும் முந்தின நாள் சாயங்காலமே மாப்பிள்ளையை வரவேற்கும் வரபூஜை உண்டு, என் கல்யாணத்தில் என் அப்பாவும் அப்படித்தான் வாசலில் நின்றார் என்றார் ஹர்ஷிதா. பிறகு, ஆனால் எங்கள் பொறியாளர்களுக்கு இந்தப் பெயர் விளங்காதே என்றார்.

விளங்க வேண்டாம், கேட்கட்டும் என்றேன்.

செப்டம்பர் 5

பெங்களூரிலிருந்து ஒரு புதுப் பொறியாளர், பெயர் பிரஜ்வல், குறிப்பு அனுப்பியிருக்கிறார். பதிவு செய்யும் பகுதியைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாராம். தினமும் எத்தனையோ பெயர்களை என்னைக் கேட்காமலே மாற்றுகிறார், நீக்குகிறார், சேர்க்கிறார். இன்றைக்கு மட்டும் கை நின்றிருக்கிறது.

"மாப்பிள்ளை வந்தாச்சு என்றால் என்ன? இதைத் தொடலாமா?"

தொடாதீர்கள் என்று பதில் எழுதினேன். வடிவின் எண்ணையும் கொடுத்திருக்கிறேன்.